விழுப்புண்ணும் உபகாரச் சம்பளமும்

அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மலைமேல் பள்ளிகொண்ட அரங்கநாதனைத் தரிசிக்கப் படியேறும் பக்தர், திருநீர்மலையின் உச்சியில் நின்று சுற்றுமுற்றும் நோக்குவாரானால், ஒரு திக்கில் பரங்கிமலையையும், இன்னொரு திக்கில் தாம்பரத்து விமானப்படைத் தளம் இருக்கும் இடத்தையும், நடுவே வீடுகளாக நெருங்கிப்போன பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளையும் அடையாளம் கண்டுகொள்ளலாம். கும்பினியார் காலத்தில் சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவு பரங்கிமலையில் இருந்தது. பல்லாவரத்துக்கு அந்நாளில் பிரசிடென்சி கண்டோன்மென்ட் என்றே பெயர். 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, 1988 முதல் அகாடமி என்னும் அந்தஸ்துடன் அதே பரங்கிமலையில் நடந்துவருகிறது. இப்படித் தலைமுறை தலைமுறையாக ராணுவத்தோடு உறவுகொண்ட பிரதேசமாதலால், படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் மிலிட்டரி ஆஸ்பத்திரியும் கேண்டீனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று இந்தப் புறநகர்களில் மனை வாங்கிக் குடியேறுவது இயல்பாயிற்று. அவர்களில் உடம்பில் காயத்தோடு திரும்பியவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

கேள்வி பார்வைக்குச் சிறியது. ஒரு படைவீரன் இத்தனை வருஷம் உழைத்தான் என்பதற்காகச் சர்க்கார் அவனுக்கு உபகாரச் சம்பளம் தருகிறது. அவனே சேவையில் அங்கவீனம் அடைந்தால் அதற்காக ஒரு நஷ்டஈடும் தருகிறது. இவ்விரண்டும் ஒருவனுக்கே உரியவையாகும்போது இரண்டையும் முழுமையாகக் கொடுப்பதா, ஒன்றை மற்றொன்றில் கழித்துக்கொள்வதா? முன்னது காலத்துக்குரிய கடன், பின்னது தேகத்துக்குரிய கடன். ஒரே மனிதனுக்குச் செலுத்த வேண்டியவை என்பதனாலேயே இரு கடன்களும் ஒரு கடனாகிவிடா என்பது என் கருத்து. இந்த நியாயத்தை உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை; நம் நாடு ஒப்புக்கொண்டும் முழு மனத்தோடு நடந்துகொள்ளவில்லை.

பழைய காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வடிவில் எழுந்திருக்க முடியாது. போரில் மாண்டவனுக்குக் கல் நாட்டி, அவன் சுற்றத்தாருக்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் நிலம் விட்ட செய்திகளைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளும் நடுகற்களும் சொல்லுகின்றன. ஆனால் புண்பட்டும் உயிர் பிழைத்து, நாற்பது வருஷம் நொண்டி நடந்தவனுக்கு மாதாமாதம் என்ன கிடைத்தது என்று எந்தக் கல்லும் விரிவாகப் பேசவில்லை. கும்பினி ஆட்சியில், மீர் ஜாபர் தமக்கு விட்டுச்சென்ற ஐந்து லட்ச ரூபாயைக் கொண்டு ராபர்ட் கிளைவ் 1770இல் ஏற்படுத்திய நிதி, கும்பினிச் சேவையில் உடல் நலிந்த படைவீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும், அவர்கள் விதவைகளுக்கும் ஜீவனாம்சம் அளித்தது. அது தர்மமாகத் தரப்பட்டதேயன்றி உரிமையாகத் தரப்பட்டதன்று. நவீன சர்க்கார்கள் சட்டம் எழுதி உரிமையாக்கிய பின்னர்தான் இரண்டையும் சேர்ப்பதா கழிப்பதா என்ற கணக்கு பிறந்தது.

அந்தக் கணக்கை மிகக் கடுமையாகப் போட்ட தேசம் அமெரிக்கா. 1891ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு சட்டத்தில் தொடங்கிப் பின்னர் உருவான ஏற்பாட்டின்படி, ஓய்வூதியம் பெறும் படைவீரன் அங்கவீன நஷ்டஈட்டையும் பெறுவானானால், பின்னதில் அவன் வாங்கும் ஒவ்வொரு டாலருக்கும் முன்னதில் ஒரு டாலரைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் எடுத்துக்கொண்ட இந்த ஏற்பாடு ஏதாவது ஒரு வடிவில் நூறு வருஷங்களுக்கு மேல் நின்றது. 2003ஆம் ஆண்டையொட்டிப் போர்க்காயமுற்றவர்களுக்கென்று தனி ஈட்டுத்தொகை ஒன்று வந்தது. 2004இல், இருபது வருஷம் சேவை முடித்து, அங்கவீனம் ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்துத் தரும் சட்டம் தொடங்கிப் பத்து வருஷத்தில் படிப்படியாக நிறைவேறியது. எஞ்சி நின்றவர் யாரென்று பார்த்தால், யுத்தத்தில் காயப்பட்ட காரணத்தினாலேயே இருபது வருஷம் முடிக்க முடியாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்! அவர்களுக்குக் கிடைக்கும் போர்க்காயத் தொகைக்கும் சேவை வருஷங்களைக் கொண்டே வரம்பு கட்டியிருப்பதால், இளமையில் காயப்பட்டவனே அதிகமாக இழக்கிறான். இத்தகையோர் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறது. இந்தக் குறையைப் போக்க ஒரு மசோதாவுக்காக உழைத்து, அது நிறைவேறுமுன் 2021இல் புற்றுநோயால் இறந்த மேஜர் ரிச்சர்டு ஸ்டார் என்பவரின் பெயரை அந்த மசோதாவே தாங்கி நிற்கிறது.

நம் நாட்டு முறை, வகுத்த அளவில், இதைவிடப் பெருந்தன்மை வாய்ந்தது என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். இங்கே அங்கவீன உபகாரச் சம்பளம் என்பதே இரண்டு கூறுகள் சேர்ந்தது. ஒன்று சேவைக்குரிய கூறு. மற்றது ஊனத்துக்குரிய கூறு. ஒன்றை மற்றொன்றில் கழிப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை. சாதாரண ஓய்வூதியம் பெறச் சிப்பாய்க்குப் பதினைந்து வருஷமும் அதிகாரிக்கு இருபது வருஷமும் சேவை வேண்டும் என்றிருக்க, சேவையின் காரணமாக ஊனமுற்று விலக்கப்பட்டவனுக்கு, அவன் நேற்றுச் சேர்ந்தவனாயினும், சேவைக்கூறு உண்டு. 1971 யுத்தத்தையொட்டிப் போர்க்காயம் பட்டவர்களுக்கென்று தனிச் சலுகைகள் வந்தன. கார்கிலுக்குப் பிறகு, 2001 ஜனவரி 31ஆம் தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம், சாவையும் ஊனத்தையும் ஐந்து வகையாகப் பிரித்தது. சேவைக்குச் சம்பந்தமற்ற இயற்கை நோய் ஒரு கோடியிலும், சேவையால் வந்த நோய், பணியின்போது நேர்ந்த விபத்து, பயங்கரவாதிகளின் வன்செயல் ஆகியவை நடுவிலும், எதிரியோடு பொருத களம் மறு கோடியிலுமாக நின்றன.

கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவது நலம். கடைசியாக மாதம் 40,000 ரூபாய் ஊதியம் பெற்ற ஒருவரை வைத்துக்கொள்வோம். விதிப்படி கணக்கில் கொள்ளும் அவர் ஊனம் ஐம்பது சதவீதம். சேவைக்கூறு ஊதியத்தில் பாதி, ஆக 20,000. ஊனக்கூறு முழு ஊனத்துக்கு ஊதியத்தில் முப்பது சதவீதம் என்ற விகிதப்படி இவருக்கு 6,000. அதே ஊனம் போர்க்காயமென்று பதிவாகி, அவர் தொடர்ந்து சேவை செய்து ஓய்வுபெற்றிருந்தால் விகிதம் அறுபது சதவீதம், தொகை 12,000. போர்க்காயத்தின் காரணமாகவே படையிலிருந்து விலக்கப்பட்டிருந்தால் முழு ஊனத்துக்கு முழு ஊதியமே விகிதமாதலால் இவருக்கு அந்தக் கூறு மட்டும் 20,000. அதோடு, இயல்பாக ஓய்வுபெறும் நாள்வரை பணியாற்றியதாகவே பாவித்துச் சேவைக்கூறும் கணக்கிடப்படும். இளமையில் காயப்பட்டவனே அதிகம் இழக்கும் அமெரிக்க முறைக்கு இது நேர் எதிர். நம்மவர்கள் பெருமைகொள்ளத்தக்க இடம் இது.

இந்தப் பெருந்தன்மையிலும் ஓர் ஓட்டை இருந்தது. காயம் எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டிய இடத்தில், காயப்பட்டவன் படையை விட்டு எப்படி வெளியேறினான் என்று விதிகள் கேட்கத் தொடங்கின. மெடிக்கல் போர்டால் விலக்கப்பட்டு, அதாவது போர்டு அவுட் ஆகி, வெளியேறினானா, காலம் முடித்து வெளியேறினானா, தானே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தானா என்ற வித்தியாசத்தில் ஆயிரக்கணக்கானோரின் உரிமை சிக்கிக்கொண்டது. ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குப் பின், 1996 முதல், ஊன சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் வழக்கம் வந்தது. ஐம்பதுக்குக் குறைந்தால் ஐம்பது, ஐம்பது முதல் எழுபத்தைந்து வரை எழுபத்தைந்து, அதற்கு மேல் நூறு. வைத்தியர் குழுக்கள் ஊனத்தைக் குறைத்து மதிப்பிடுவதால் நேரும் தீங்கைச் சமன்செய்ய ஏற்பட்ட இந்த நல்ல ஏற்பாட்டை, விலக்கப்பட்டவர்களுக்கு மாத்திரமே என்று சர்க்கார் ஒதுக்கியது. காயத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு காலம் முடித்தவன் கேட்டால், உனக்குத்தான் முழு ஓய்வூதியம் கிடைத்துவிட்டதே என்பது பதில். தானே விலகியவர்களுக்கோ ஊனக்கூறே இல்லை. 2009 செப்டம்பரில் வந்த உத்தரவுதான், 2006 ஜனவரி முதல் தேதியன்றோ அதற்குப் பின்னரோ சேவையிலிருந்தவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்தது.

இப்படி அபராதத்துக்கு ஆளானவர்கள் எத்தகையவர் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. 1971இல் சில்ஹெட் போர்முனையில் கண்ணிவெடியில் சிதைந்த தம் காலைத் தம் குக்ரியாலேயே வெட்டிக்கொண்ட இயன் கார்டோசோ, மரக்காலோடு பட்டாளத்துக்கும் பிறகு பிரிகேடுக்கும் தலைமை தாங்கி மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். 1965 யுத்தத்தில் காலிழந்த விஜய் ஓபராய் துணைத் தளபதி பதவி வரை சென்றார். பெயர் வெளிவராத எத்தனையோ நாயக்குகளும் ஹவில்தார்களும், மலையேற முடியாவிட்டாலும் ஸ்டோரிலும் ஆயுதக்கிடங்கிலும் இருந்து, காலம் முடித்தே வெளிவந்தனர். படைக்கு இத்தகையவர்களைவிட லாபமானவர் இலர். நின்று உழைத்ததற்காகக் காயத்தின் மதிப்பு குறைந்துபோகும் என்றால், அடுத்து வருபவனுக்கு அந்த விதி போதிப்பது என்ன?

நியாயஸ்தலங்கள்தாம் இந்த ஓட்டையை அடைத்தன. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்கியதும், முன்பு ஹைகோர்ட் படியேற வகையற்றிருந்த சிப்பாய்களும் வழக்குத் தொடுத்தனர். சென்னையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. 2011இல் கே.ஜே.எஸ். புட்டார் வழக்கில், 1979இல் விலகிய ஒரு கேப்டனுக்கு ஐம்பது சதவீதத்தை எழுபத்தைந்தாக்கித் தருமாறு சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2014 டிசம்பர் 10ஆம் தேதி, ராம் அவதார் வழக்கில், காலம் முடித்து ஓய்வுபெற்றவருக்கும் இந்த முழுமையாக்கல் உண்டு என்ற தீர்ப்புகளுக்கு எதிராகச் சர்க்கார் மலைபோலக் குவித்திருந்த மேல்முறையீடுகளை ஒருங்கே தள்ளிவிட்டது. ஒரே சட்டப் பிரச்சினைக்காகச் சொந்தப் படைவீரர்களை டில்லி வரை இழுத்தடித்ததற்கு எந்தச் சமாதானமும் எனக்குத் தோன்றவில்லை. எதிர்த்தரப்பில் நின்றவர்களில் பெரும்பாலோர் அறுபதும் எழுபதும் கடந்தவர்கள்.

காயம் என்று பதிவாவதே ஒரு தனிப் போராட்டம். என் அண்டை வீட்டுக்காரர்களில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் உண்டு. இந்திய அமைதிப்படை 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்தபோது அவரும் சென்றவர். அந்தச் சேவையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், அதைவிட மிகுதியானோர் காயமுற்றனர். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பியபோது நம் மாநிலத்தில் அவர்களை வரவேற்க ஆர்வமிருக்கவில்லை என்பதும் சரித்திரம். யாழ்ப்பாணத்துக்கு அருகே ஒரு வெடிப்பில் இவர் சென்ற லாரி பள்ளத்தில் கவிழ, வலது முழங்கால் நொறுங்கிற்று. முதற்சிகிச்சை செய்த இடத்தில் காய அறிக்கையை நிரப்பியவர் லாரி கவிழ்ந்ததை எழுதினார், வெடித்ததை எழுதவில்லை. அந்த ஒரு வரி விடுபட்டதனால் அது போர்க்காயமாகாமல் விபத்தாயிற்று. லோ மெடிக்கல் கேட்டகரியில் வைக்கப்பட்டு, மேலும் பன்னிரண்டு வருஷம் ஸ்டோரில் பணியாற்றி, காலம் முடித்து வந்தார்.

அவருடைய ஓய்வூதிய உத்தரவான பி.பி.ஓ.வை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மடித்து மடித்து இற்றுப்போன இடங்களில் செலோடேப் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். மேலே ஒரு கட்டத்தில் சர்வீஸ் எலிமெண்ட், அதன் கீழ் டிசபிலிட்டி எலிமெண்ட், பக்கத்தில் 30 என்ற எண். அந்த எண்ணின்கீழ் யாரோ ஒரு குமாஸ்தா நீல மையில் இழுத்த கோடு. "அந்தப் பேப்பர்ல பேட்டில் கேஷுவல்டின்னு ஒரு வார்த்தை இருந்தா போதும் சார், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். தொகை இரட்டிப்பாகும் என்பதை அவர் அறியாதவரல்லர். ஆனால் குரலில் இருந்தது வேறு. வெடித்தது என்று யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அது. ராம் அவதார் தீர்ப்புக்குப் பிறகு, அவரைப்போன்ற விண்ணப்பதாரர்களுக்கு வழக்கறிஞர் ஒருவர் உதவ, முப்பது ஐம்பதாயிற்று. விபத்து மாத்திரம் இன்னும் விபத்தாகவே இருக்கிறது. போரிலிருந்து திரும்பும் எவனும், முதற்சிகிச்சை முடிந்து நினைவு தெளிந்தவுடன், தன் காய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ளதைப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் இன்று இளைஞர்களிடம் சொல்லிவருகிறார்.

நோயின் விஷயத்தில் சட்டம் இப்போது படைவீரனுக்கு ஓரளவு துணை நிற்கிறது. சேரும்போது உடற்பரிசோதனையில் எந்தக் குறையும் குறிக்கப்படவில்லையானால், பின்னால் வந்த நோய் சேவையால் வந்ததென்றே அனுமானிக்க வேண்டும், அப்படி அன்று என்று நிரூபிக்கும் பாரம் சர்க்காரையே சாரும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மெடிக்கல் போர்டு காரணம் சொல்லாமல் "சம்பந்தமில்லை" என்று முத்திரை குத்திவந்த வழக்கத்துக்கு இது ஒரு கடிவாளம்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்பது முறை. ஓய்வுபெறும் அதிகாரிகளில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டோர் ஊனக்கூறு பெறுகின்றனர் என்றும், அவற்றில் கணிசமானவை ரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நோய்களுக்காக என்றும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2023இல் சுட்டிக்காட்டிற்று. சிப்பாய்களிடையே அந்த விகிதம் மிகக் குறைவு என்பதும் அதே அறிக்கையில் உண்டு. மேசையருகே ஏறிய ரத்த அழுத்தத்தையும் பனிமலையில் கருகிய விரல்களையும் ஒரே தலைப்பில் எழுதினால் பொதுஜனங்களுக்குச் சந்தேகம் எழாமலிராது. அந்தக் கவலையை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அதற்குப் பரிகாரம், நோய்க்கும் காயத்துக்கும் இடையே கோட்டைத் தெளிவாக இழுப்பதாகும். சர்க்கார் அதற்கு மாறாக, மறுபடியும் வெளியேறிய விதத்தையே கோடாக இழுத்துவருகிறது. 2019 ஜூனில், வருமானவரி விலக்கு போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டுமே என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அவ்வாண்டே சுப்ரீம் கோர்ட் தலையிட நேர்ந்தது. 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகளோ, சேவையில் தொடர்ந்தவருக்குத் தரும் தொகைக்கு வேறு பெயரே சூட்டிவிட்டன. பெயர் பிரிந்தால் நாளடைவில் தொகையும் வரிச்சலுகையும் பிரியும் என்று முன்னாள் படைவீரர் சங்கங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

ஏழாவது சம்பளக் கமிஷன் செய்த ஒரு யோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விகிதாசாரத்தை விட்டுவிட்டு, முழு ஊனத்துக்கு அதிகாரிக்கு 27,000, ஜே.சி.ஓ. எனப்படும் இடைநிலை அதிகாரிக்கு 17,000, சிப்பாய்க்கு 12,000 என்று நிலையான தொகை தரலாம் என்றது அது. ஐந்தாவது கமிஷன் காலத்திலும் 2,600, 1,900, 1,550 என்று இப்படித்தான் இருந்தது. சிவில் ஊழியர்களுக்கு விகிதாசாரம் தொடர, படைக்கு மட்டும் இதை விதித்தது பெரும் அதிருப்தியைக் கிளப்பவே, 2017 மே மாதம் மந்திரிசபை பழைய முறையையே நிலைநிறுத்தியது. காலென்றால் யாருக்கும் கால்தான், சம்பளத்தைக் கொண்டு அதை அளப்பானேன் என்ற எண்ணம் அந்த யோசனையின் அடியில் இருந்திருக்குமானால் அது உயர்ந்த எண்ணமே. ஆனால் ஜெனரலின் காலுக்கும் சிப்பாயின் காலுக்கும் இரு மடங்குக்கு மேல் வித்தியாசம் வைத்த ஒரு பட்டியல், அந்த எண்ணத்துக்கே உண்மையாக இருக்கவில்லை. இந்த விவாதம் முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை; ஒரு நாள் யாராவது மூவருக்கும் ஒரே தொகையை எழுதத் துணிந்தால் நான் அதை ஆதரிப்பேன்.

இனிவரும் காலத்தின் சோதனை அக்னிவீரர்கள். 2022 ஜூனில் அறிவித்த அத்திட்டத்தின்படி நான்கு வருஷம் சேவை செய்துவிட்டு வெளியேறும் இளைஞனுக்கு உபகாரச் சம்பளம் கிடையாது. சேவையால் ஊனமுற்றால், நூறு, எழுபத்தைந்து, ஐம்பது என்ற சதவீதத்துக்கேற்ப 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் ரூபாய் ஒரே தொகையாக உண்டு. இருபத்திரண்டு வயதில் முதுகெலும்பு முறிந்தவனுக்கு 44 லட்சம் எத்தனை வருஷம் காணும்? பக்கத்து டிரெஞ்சில், அதே குண்டில் காயப்பட்ட நிரந்தரச் சிப்பாய்க்கு ஆயுள் முழுவதும் மாதாமாதம் இரு கூறுகளும், அவற்றின்மேல் அகவிலைப்படியும் வந்துகொண்டிருக்கும். சேர்ப்பதா கழிப்பதா என்ற பழைய கேள்வி இங்கே எழவே எழாது, ஏனெனில் சேர்ப்பதற்கு முதற்கூறே இல்லை. தேகத்துக்குரிய கடன் காலத்துக்குரிய கடனைச் சாராதது என்று நாம் உண்மையாகவே நம்புவோமானால், அக்னிவீரனுக்கு ஓய்வூதியம் தருவதில்லை என்ற கொள்கையைத் தொடாமலே போர்க்காயக் கூறு ஒன்றை மட்டும் ஆயுள்வரை அவனுக்கு மாதாமாதம் வழங்கலாம். அதற்கு ஓர் உத்தரவு போதும்.

அதைவிடவும் ஒதுக்கப்பட்டவர்கள், பரங்கிமலை அகாடமி போன்ற இடங்களில் பயிற்சியின்போதே முறிந்துபோன கேடட்டுகள். கமிஷன் பெறுமுன் காயப்பட்டதால் அவர்கள் சட்டத்தின் கண்ணில் படைவீரரே அல்லர். ஆகவே அங்கவீன உபகாரச் சம்பளத்துக்குப் பதில் கருணைத்தொகை மாத்திரம். சுப்ரீம் கோர்ட் 2025 ஆகஸ்டில் இதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்த மாதமே, முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். என்னும் திட்டத்தின் வைத்திய வசதி அவர்களுக்கும் உண்டென்று சர்க்கார் அறிவித்தது. மருந்துக்கு வழி பிறந்தது. மாதாந்தரத் தொகையைக் கருணை என்ற கணக்கிலிருந்து உரிமை என்ற கணக்குக்கு மாற்றி எழுத வேண்டிய வேலை பாக்கியிருக்கிறது.